நாலு கதவு வண்டி

வில்பர், நெப்ராஸ்கா
2 அக்டோபர் 1977

ஆர்டித்துக்கு,

கால் அங்குல டிரில் பிட்டுகளை எங்கே வைத்தாய்? பெஞ்சுக்கு மேலே இருந்த காபி டப்பாக்களை எல்லாம் கொட்டிப் பார்த்துவிட்டேன். நட்டும் வாஷரும்தான். இப்போது கராஜ் தரை முழுக்க நட்டும் வாஷரும்.

இங்கே மழை இல்லை. சோளம் நன்றாகக் காய்ந்து வருகிறது. தானியக் கிடங்கில் லாரி வரிசை பெரிய ரோடு வரைக்கும் நிற்கிறது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. அடுப்பு பக்கத்தில் நின்றபடியே எதையாவது தின்கிறேன், கராஜுக்குப் போகிறேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

உன் அக்கா லியோனா அனுப்பிய, அவள் மகள் கல்யாணப் படம் வந்தது. மணப்பெண் டார்லா பக்கத்தில் நீல கவுனில் நிற்கிறாய். முகத்தில் களைப்பு தெரிகிறது என்று மைலோ சொன்னான். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஒரு சேதி. கோஸ்டல் பண்ணையில் மரவரிசைக்குப் பின்னால் கிடந்ததே, முப்பத்தாறாம் வருஷத்து ஃபோர்டு, அதை இழுத்து வந்திருக்கிறேன். நாலு கதவு. ஆமாம், நான்தான் எழுதுகிறேன், நாலு கதவு. பழைய உடம்புக்குள் புது எஞ்சின் வைத்த ஹாட் ராட்தான், வழக்கம்போல. ஆனால் இது ஊர் நடுவில் உறுமிக்கொண்டு நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து நிற்கிற வண்டி இல்லை. தூரம் போக. சாய்ந்து உட்கார்ந்து, இடுப்பு வலிக்காமல், நாள் பூராவும் ஓட்டிக்கொண்டே போக.

இரண்டு பேர் போக.

டிரில் பிட் அவசரம்.

எல்டன்


சேசு மரி சூசை

பேக்கர், ஆரிகன்
11 அக்டோபர் 1977

எல்டன்,

டிரில் பிட்டுகள் இடப்பக்கம் மூன்றாவது இழுப்பறையில், என் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், சின்னதிலிருந்து பெரிது வரை அடுக்கி இருக்கின்றன. கொட்டின நட்டுகளைப் பொறுக்கி அந்தந்த டப்பாவிலேயே போடு. டப்பா மேல் எழுதி ஒட்டியிருப்பது அழகுக்கு இல்லை.

களைப்பு தெரியாமல் என்ன செய்யும்? ஆகஸ்டில், டார்லா கல்யாணத்துக்குக் கிளம்புகிற அந்தக் காலையில், பெட்டிகள் வாசலில் இருந்தன. வழிக்குக் கசகசா வைத்த கொலாச் ரொட்டி சுட்டு வைத்திருந்தேன், தெர்மாஸில் காபி ஊற்றியாயிற்று, பயணத்துக்கு ஒரு அருள்நிறை மரியேயும் சொல்லியாயிற்று. தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் கராஜ் காலி. தரையில் எண்ணெய்க் கறைதான் நிற்கிறது. பக்கத்தில் நீ.

"டென்வர்க்காரன் நேத்து வந்தான் ஆர்டி. ரொம்பக் கேட்டான். வண்டியும் முடிஞ்சு போச்சு இல்ல" என்றாய்.

முடிந்த வண்டியில்தானே மனிதர்கள் ஊருக்குப் போவார்கள்? மைலோ லாரியில் லிங்கனுக்குப் போய், அங்கே பஸ் பிடித்து, பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே முகம் கழுவி, நான் இங்கே வந்து இறங்கும்போது பூசை முடிந்து கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டார்லாவுக்கு ஞானத்தாய் நான். ஞானத்தாய் இடம் கோவிலில் காலியாகவே இருந்ததாம்.

பள்ளிக்கூடத்திலிருந்து உன்னைத் தெரியும். வண்டி கட்டுவாய். அது முடியும். முடிந்த கையோடு விற்பாய். அடுத்த துருவை இழுத்து வருவாய். அத்தனை வண்டியில் ஒன்றிலும் நான் மாவட்ட எல்லையைத் தாண்டினதில்லை. போன கொஞ்ச தூரமும் தலையைக் குனிந்து, முழங்கால் தாடையில் இடிக்க, கவுன் முழுக்க பெட்ரோல் வாடையோடு.

ஒரு வண்டிக்காக வீடு திரும்புகிறவள் நான் இல்லை. ஆனால் இரண்டு பேர் என்று எழுதிவிட்டாய், அதனால் கேட்கிறேன். என் தலைக்கு மேல் இடம் இருக்குமா? நீ குட்டை. கோவிலில் எனக்குப் பின்னால் உட்காருகிறவர்களுக்குப் பீடம் தெரியாது, அது உனக்கே தெரியும். கால் நீட்டலாமா? வெயிலில் வேகாமல் இருக்கலாமா?

இதையும் விற்பதாக இருந்தால் எனக்கு எழுத வேண்டாம். என் துணிமணிகளைக் கட்டி லியோனா விலாசத்துக்கு அனுப்பிவிடு. அதற்கப்புறம் நான் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

ஆர்டித்


வில்பர்
6 நவம்பர் 1977

ஆர்டி,

பிட்டுகள் கிடைத்தன. நட்டுகளையும் பொறுக்கிவிட்டேன், பெரும்பாலும்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் உண்டு. முன்சீட்டுக்கு, விபத்தில் பின்பக்கம் நசுங்கிப்போன பெரிய ப்யூக் ஒன்றிலிருந்து சீட்டைக் கழற்றி வந்தேன். சோஃபா மாதிரி இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் ஸ்டியரிங் என் நெஞ்சில் இடிக்கிறது. தரையை அறுத்துத் தாழ்த்தினேன், இப்போது சரி. உன் பக்கம் காலை நீட்டினாலும் எஞ்சின் தடுப்பில் இடிக்காது. லாரிக்குப் போடுகிற அளவுக்குப் பெரிய ரேடியேட்டர், மேட்டில் ஏறினாலும் கொதிக்காது. குளிர்காற்று மெஷினும் உண்டு. ஓவர்டிரைவ் கியர் ஒன்று கிடைத்தது, வேகமாகப் போனாலும் எஞ்சின் அலறாது. சைலன்சர் நீளமாக, இரண்டு.

கூட்டாளிகள் எல்லாரும் வியாழக்கிழமை பீரோடு வந்தார்கள். ஓடவிட்டுக் காட்டினேன். பிறகு மைலோ கேட்டான்.

"எல்டு, எஞ்சின் ஓடுதா, இல்ல உள்ள யாராச்சும் தைச்சுக்கிட்டு இருக்காங்களா?"

"தூரம் போற வண்டிடா. சத்தம் இருந்தா மண்டையில அடிக்கும்."

"அது சரி. நாலு கதவு எதுக்கு? யாரு செத்தது?"

எல்லாரும் சிரித்தார்கள். போகும்போது ஒவ்வொருவனும் தொப்பியைக் கழற்றி, சவ ஊர்வலத்தில் நிற்கிற மாதிரி நெஞ்சில் வைத்துக்கொண்டு போனான். நானும் சிரித்தேன். ஆனால் உன்னிடம் சொல்வதற்கென்ன, சுருக்கென்று இருந்தது. இந்த ஊரில் இரண்டு கதவு வண்டி கட்டுகிறவன்தான் ஆள். நாலு கதவு என்றால் சோப்பு விற்கிறவன், இல்லையென்றால் பிணம் தூக்குகிறவன்.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது மைலோ.

எல்டன்


சேசு மரி சூசை

பேக்கர்
20 நவம்பர் 1977

எல்டன்,

படத்தைப் பார்த்தேன். லியோனா மூன்று தடவை பார்த்தாள். "இதுல மனுஷங்க உக்காரலாம் போலிருக்கே" என்றாள்.

நாலு கதவைப் பற்றி எனக்குச் சுருக்கென்று இல்லை. பின்சீட்டில் ஏறுவதற்கு முன்சீட்டை மடக்கி, பின்னழகை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு நுழைய வேண்டாம் என்றால் அது எனக்குப் போதும். சிரிக்கிறவர்களின் மனைவிகளைக் கேட்டுப் பார்.

தரைப் பலகைக்கு மேல் நேரே கம்பளம் போடாதே. முதலில் தார்த் தாள், அதற்கு மேல் கெட்டிக் கம்பளி, அப்புறம்தான் கம்பளம். என் தையல் மெஷினுக்கு அடியில் கம்பளி வைத்த பிறகு கீழே நீ தூங்கினாயே, அதே கணக்குத்தான். கூரைக்கு உள்பக்கமும் கம்பளி ஒட்டு. என் பக்கக் கதவில் ஒரு பை வேண்டும், ஜெபமாலையும் தெர்மாஸும் வைக்கிற அளவுக்கு.

எனக்கும் இங்கே இருப்புக் கொள்ளவில்லை. லியோனாவும் ராயும் நல்லவர்கள். ஆனால் அடுத்தவள் சமையலறையில் எத்தனை நாள் தட்டு துடைப்பது? கோவில் சமையல்கட்டில் உதவுகிறேன். சாயங்காலம் நெடுஞ்சாலை வரைக்கும் நடக்கிறேன். லாரிகள் மேற்கே போய்க்கொண்டே இருக்கின்றன. அந்தப் பக்கம் போனால் கொலம்பியா ஆறு, ஆற்றோடு போனால் கடல் என்கிறான் ராய். நான் கடலைப் பார்த்ததில்லை. நெப்ராஸ்கா நம்பர் போட்ட லாரி வந்தால் நின்று பார்க்கிறேன். எதற்கென்று கேட்காதே.

நன்றித் திருநாளுக்கு வாத்துக்கறியை நீயாகச் சுட முயற்சி செய்யாதே. மைலோ மனைவி கூப்பிடுவாள், போய்ச் சாப்பிடு.

ஆர்டித்


வில்பர்
15 ஜனவரி 1978

ஆர்டி,

ரொம்பக் குளிர். கை விறைத்துப்போகிறது, அதனால் நீளமாக எழுதவில்லை. நீ சொன்ன மாதிரியே தார்த் தாள், கம்பளி, கம்பளம். கதவில் பை வைத்தாயிற்று. டிங்கரிங் முடிந்து பட்டி பூசி, பெயிண்டுக்கு அடியில் பூசுகிற சாம்பல் பிரைமர் அடித்தாயிற்று. இப்போது வண்டியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. வியாழக்கிழமை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள், ஒருத்தன் விசில் அடித்தான்.

புதுப் படம் வைத்திருக்கிறேன். மைலோதான் மறுபடியும் நிற்கிறான், அதே இடத்தில்.

நலமாக இரு.

எல்டன்


சேசு மரி சூசை

பேக்கர்
26 ஜனவரி 1978

எல்டன்,

இரண்டு படங்களையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

நவம்பர் படத்தில் வண்டிக் கூரை மைலோவின் புருவத்துக்கு வருகிறது. ஜனவரி படத்தில் மூக்குக்குக் கீழே நிற்கிறது. மைலோ வளரவில்லை. அவனுக்கு ஐம்பது வயது.

கூரையை அறுத்திருக்கிறாய்.

கூரையைத் தாங்குகிற தூண்களை வெட்டி, அதை இறக்கி, மறுபடியும் ஒட்டியிருக்கிறாய். அந்த ஊரில் யாருடைய வண்டி பார்ப்பதற்குப் பதுங்கின பூனை மாதிரி இருக்கிறதோ அவன்தான் ஆள், எனக்குத் தெரியாதா? நாலு கதவுக்குச் சிரித்தார்கள், கூரையை வெட்டிச் சிரிப்பை நிறுத்திவிட்டாய். விசில் அடித்தானாம்.

அந்தக் கூரைக்குக் கீழே யார் உட்காரப் போகிறாள் என்று ரம்பத்தை எடுக்கும்போது ஒரு தடவை நினைத்தாயா?

நான் முதலில் கேட்டதே தலைக்கு மேல் இடம் இருக்குமா என்றுதான். நீ சீட்டைப் பற்றி எழுதினாய், காலைப் பற்றி எழுதினாய், ரேடியேட்டரைப் பற்றி எழுதினாய். தலையைப் பற்றி எழுதவே இல்லை. அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

கோபத்தில் எழுதுகிறேன். நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லிக்கொள்வேன். ஆனால் கடிதத்தைக் கிழிக்க மாட்டேன்.

ஆர்டித்


வில்பர்
5 மார்ச் 1978

ஆர்டி,

ஒரு மாதம் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, அதனால்தான்.

உன் கடிதம் வந்த அன்று கராஜுக்குப் போய் உன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். எனக்கு இடம் இருந்தது. உன் உயரம் வரட்டும் என்று பழைய டெலிபோன் புத்தகங்களை அடியில் போட்டு உட்கார்ந்தேன். தலை முட்டியது. குனிந்தேன். கழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு பீர் குடித்துப் பார்த்தேன். பீர் முடிவதற்குள் கழுத்து போச்சு. அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோட்டோரப் புல்தான் தெரிகிறது, வானமே இல்லை. இப்படித்தான் இத்தனை வருஷம் என் பக்கத்தில் வந்தாயா?

புது வருஷத்தன்று அறுத்தேன். மைலோ, இன்னும் இரண்டு பேர். "ரெண்டரை அங்குலம்டா எல்டு, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்கள். எனக்கும் கை அரித்தது.

கூரையை இறக்குவது எல்லாரும் செய்கிற வேலை. இறக்கின கூரையை ஏற்றுவது யாரும் செய்து நான் பார்த்ததில்லை. அறுத்தெடுத்த துண்டுகளைக் குப்பைக்குப் போட்டாயிற்று. அதே வருஷத்து இன்னொரு ஃபோர்டின் முழுத் தூண்கள் வேண்டும். தேடித் தேடி, டார்செஸ்டர் பக்கம் ஒரு பண்ணையில் கிடைத்தது. எஞ்சின் இல்லை, சக்கரம் இல்லை, உள்ளே முழுக்கக் கோழி. ஆல்பினா ஜெலெங்கா என்று ஒரு விதவை. கோவில் கதவு அகலம் இருப்பாள்.

"நீ இதத் தூக்கிட்டுப் போயிட்டா என் கோழிங்க எங்கடா முட்டை போடும்? உன் தொப்பிக்குள்ளயா?"

"வேற கூடு கட்டித் தர்றேன் அம்மா."

"மொதல்ல கட்டு. அப்புறம் பேசலாம்."

கட்டினேன். சாய்வுக் கூரை, தனித்தனி அறை, கதவுக்குத் தாழ்ப்பாள். பார்த்துவிட்டு, கோழிக்கு வெயில் போதாது, ஜன்னல் வை என்றாள். வைத்தேன். அதற்குப் பிறகுதான் வண்டி உடம்பைத் தொடவிட்டாள்.

தூண்களை வெட்டி எடுத்து, என் வண்டியில் பொருத்தி, கூரையை ஏற்றி வெல்டிங் வைத்துவிட்டேன். உன் உயரத்துக்கும் மேலே அரை அங்குலம் கூடவே வைத்தேன், தொப்பிக்கு. வியாழக்கிழமை எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

"மனுஷன் கூரைய ஏத்துனத என் ஜென்மத்துல பாத்ததில்லடா" என்றான் மைலோ. அப்புறம் மூக்கைச் சுளித்தான். "என்னடா கோழி நாத்தம்?"

நாற்றம் போக என்ன செய்ய வேண்டும்?

எல்டன்


சேசு மரி சூசை

பேக்கர்
உயிர்ப்புத் திங்கள், 27 மார்ச் 1978

எல்டன்,

வினிகரில் துடை, பிறகு சமையல் சோடா தூவி ஒரு நாள் மூடி வை. அப்புறமும் இருந்தால் காபித் தூளைக் கிண்ணத்தில் வைத்து உள்ளே வை.

உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். கோழிக்கு ஜன்னல் வைத்த இடத்தில் ராய்க்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். தவக்காலம் முழுக்க சிரிக்காமல் இருந்ததற்கு எல்லாம் சேர்த்துச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

வானமே இல்லை என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் சத்தமாக வாசிக்கவில்லை.

ஜெலெங்கா அம்மாவுக்கு என் வணக்கம் சொல். அவள் உட்கார்ந்து பார்த்தாளா?

ஆர்டித்


வில்பர்
7 மே 1978

ஆர்டி,

உட்கார்ந்தாள். அதைத்தான் எழுத வந்தேன், அதோடு இன்னொன்றும்.

அவளுக்கு லிங்கனில் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், கூட்டிப் போக ஆள் இல்லை. நான் கூட்டிப் போனேன். உன் சீட்டில் உட்கார்ந்து, அப்படியும் இப்படியும் ஆடிப் பார்த்தாள்.

"எப்படி அம்மா இருக்கு?"

"பேசாம ஓட்டு. நல்லா இருந்தா நானே சொல்றேன்."

திரும்பி வரும்போது பேச்சையே காணோம். பார்த்தால் தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. ஆர்டி, நான் கட்டின வண்டியில் ஒரு ஜீவன் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அவள் பண்ணை வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. தாண்டிப் போனேன். கிரீட் ஊருக்குப் போனேன், ஃப்ரெண்ட் ஊருக்குப் போனேன், சும்மா சுற்றிக்கொண்டே இருந்தேன். எழுந்தபோது, "இது எந்த ஊருடா, என்னைக் கடத்திட்டுப் போறியா?" என்று கைப்பையால் அடித்தாள். இறங்கும்போது ஒரு டஜன் முட்டை கொடுத்தாள்.

இன்னொன்று இது. வண்டி முடியப் போகிறது. பெயிண்ட், கூரைக்கு உள்துணி, பின்கதவு ஒன்றைச் சரிபார்ப்பது, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் முடித்துவிடுவேன். அதனால்தான் எனக்கு உதறுகிறது.

போன வாரம் ஒமாஹாவிலிருந்து ஒருத்தன் வந்தான். வண்டியைச் சுற்றி வந்தான், கீழே படுத்துப் பார்த்தான், உட்கார்ந்து கண்ணை மூடினான். "முடிஞ்சதும் எனக்குத்தான்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருகிறேன் என்று போயிருக்கிறான். அதற்குள் என் காலே என்னைக் கேட்காமல் பியாட்ரிஸ் ஊர்ப் பக்கம் போய், ஒரு கொட்டகையில் கிடக்கிற இரண்டு கதவு வண்டியைப் பார்த்துவிட்டு வந்தது. துருப்பிடித்து, அழகாக இருக்கிறது.

எனக்கு என்னைத் தெரியும். வேலை தீர்ந்த வண்டி பக்கத்தில் நிற்க என்னால் முடியாது. பல் விழுந்த இடத்தில் நாக்கு போகிற மாதிரி மனசு அடுத்ததற்குப் போகிறது. அவன் வருவதற்குள் நீ வந்துவிடு. கராஜ் வாசலில் நில். நீ நின்றால் விற்க மாட்டேன்.

எல்டன்


சேசு மரி சூசை

பேக்கர்
12 மே 1978
விரைவுத் தபாலில்

எல்டன்,

வர மாட்டேன். கராஜ் வாசலில் கல்யாணமான நாளிலிருந்து நின்றாயிற்று. நான் நின்றபோதும் விற்றிருக்கிறாய். எதிரிலேயே நின்றிருப்பேன், காபி கூட அந்த ஆளுக்கு நான்தான் கொடுத்திருப்பேன்.

உன் கடிதத்தை வாசித்ததும் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். லியோனா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"உனக்கு எல்டன் மேல கோவம்னுதான் இத்தன நாளா நெனச்சேன். கோவம் இல்லடி உனக்கு. ஊர் சுத்தணும். கூட்டிட்டுப் போக ஆளில்ல, அதான் கோவம்."

அவள் சொன்னது சரிதான். நீ கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவன். நான் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதை யாரும் கவனிக்கவில்லை.

கோவிலில் உட்கார்ந்து யோசித்தேன். செபம் சொல்ல முடியவில்லை, உன் வண்டிகள்தான் ஒவ்வொன்றாக வந்தன. அப்போது ஒன்று பிடிபட்டது. பாதியில் நிற்கிற வண்டியை நீ ஒருநாளும் விற்றதில்லை. மஞ்சள் ரோட்ஸ்டர் வண்டியைக் கேட்டு ஒருத்தன் தினமும் வந்தான், நினைவிருக்கிறதா? "இன்னும் முடியல, போய்யா" என்று ஸ்பானரைக் காட்டி விரட்டினாய். அதே ஆளுக்கு, பெயிண்ட் காய்ந்த மறுநாள், நீயே போன் செய்தாய்.

அதனால் முடிக்காதே.

பெயிண்ட் டப்பாவை மூடு. சாம்பல் பிரைமரோடே வா. எந்த ஊரில் யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியப் போவதில்லை. கூரை உள்துணியைத் தொடாதே. படுக்கையறை அலமாரி மேல்தட்டில் பழுப்புத் துணிச் சுருள் இருக்கிறது, அதையும், என் பெரிய கத்தரிக்கோலையும், கனத்த நூலையும் எடுத்து வை. துணியை நான் தைப்பேன். வழியில், நின்ற இடத்தில். இந்த வருஷமே தைத்துத் தீர்ப்பேன் என்று சொல்லவில்லை. உன் சாமான்களையும் பின்சீட்டில் ஏற்று. உனக்கும் கைக்கு வேலை வேண்டுமே.

கிளம்பு. பஸ்ஸில் உட்கார்ந்து நான் வந்த அதே ரோடுதான். வந்ததும் வீட்டுக்குத் திருப்பலாம் என்று நினைக்காதே. நான் ஏறுவேன், ஆனால் கிழக்கே வர மாட்டேன், இப்போதைக்கு. மேற்கே போக வேண்டும். அங்கே போய் என்ன செய்வோம் என்று எனக்கும் தெரியாது. தண்ணீரைப் பார்ப்போம். பிறகு தெற்கே ஒரு ரோடு இருக்கிறதாம்.

ஒமாஹாக்காரன் வந்து நிற்கும்போது நீயும் வண்டியும் அங்கே இருந்தால், எனக்குக் கடிதம் வேண்டாம். முதலிலேயே எழுதினேன், என் துணிமணி.

வழிப்பயணிகளைக் காக்கிற புனித கிறிஸ்தோபர் உன்னோடு வரட்டும்.

ஆர்டித்


மவுண்டன் ஹோம், ஐடஹோ
22 மே 1978

ஆர்டி,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன். தெரிந்தேதான் எழுதுகிறேன். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், சாப்பாடு வர நேரமாகிறது, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

உன் கடிதத்தைக் கராஜில் நின்று வாசித்தேன். பெயிண்ட் டப்பா திறந்திருந்தது, பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கியில் பாதி ஊற்றியிருந்தேன். பிறகு திருப்பி டப்பாவிலேயே ஊற்றி, மூடியைச் சுத்தியலால் தட்டினேன். வெள்ளிக்கிழமை கிடங்கில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். மைலோவிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. "ஒமாஹாக்காரன் வந்து கார் எங்கேன்னு கேட்டா என்னடா சொல்றது?" என்று கேட்டான். கடலுக்குப் போயிருக்கு என்று சொல் என்றேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பான்.

வயோமிங்கில் காற்று கதவைப் பிய்க்கிற மாதிரி அடித்தது. உள்ளே அந்தச் சத்தமே தெரியவில்லை. மேட்டில் ரேடியேட்டர் கொதிக்கவில்லை. இடுப்பு வலி இல்லை. நேற்று முழுநாள் ஓட்டிவிட்டு இறங்கினால், இன்னும் ஓட்டலாம் போல இருந்தது. வெயில் நேரத்தில் கூட்டிலேயே உட்கார்ந்த மாதிரி லேசாகக் கோழி வாடை வருகிறது, அதை மட்டும் மன்னித்துக்கொள்.

இங்கே பெட்ரோல் போடும்போது ஒரு ஆள் வந்தான். வெள்ளைத் தொப்பி, நல்ல பூட்ஸ். சுற்றி வந்தான். எனக்கு அந்த நடையே தெரியும்.

"விக்கிறீங்களா?"

"இன்னும் வேலை இருக்கு."

"என்ன வேலை? பெயிண்ட்தானே. நான் அடிச்சுக்கிறேன். இப்பவே எடுத்துக்கிறேன்."

கையைச் சட்டைப் பைக்குள் விட்டான். ஆர்டி, உன்னிடம் மறைக்கவில்லை. பியாட்ரிஸ் கொட்டகையில் கிடக்கிற அந்த இரண்டு கதவு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஊரில் இருந்திருந்தால் காபி குடிக்கக் கூப்பிட்டிருப்பேன்.

"கூரையில துணி வைக்கணும்" என்றேன்.

"அதையும் நான் வச்சுக்கிறேன்யா."

"நீங்க வைக்க முடியாது. தைக்கிறவங்க பேக்கர்ல இருக்காங்க. அவங்க வந்து அளவு எடுக்கணும்."

"எப்ப முடியும்?"

"அவங்களக் கேட்டாத்தான் தெரியும்."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். நான் வண்டியில் ஏறி இந்தக் கடை வாசலுக்கு ஓட்டி வந்து நிறுத்தினேன்.

சாப்பாடு வந்துவிட்டது. லியோனாவிடம் எனக்காக ஒன்றும் சமைக்க வேண்டாம் என்று சொல். நீ தயாராக இருந்தால் எஞ்சினை அணைக்கக்கூட மாட்டேன்.

வயோமிங் தாண்டினதிலிருந்து உன் பக்கத்துப் பின்கதவு காற்றில் கடகடவென்று ஆடுகிறது. கீலில் ஒரு திருகு இறுக்கினால் போதும், ஐந்து நிமிஷ வேலை. ஸ்பானர் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. இறுக்கவில்லை.

எல்டன்